உயரமானி அழுத்த அமைவு

உயரமானி அழுத்த அமைவு என்பது, வானூர்தியின் உயரமானி எந்த அழுத்த மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு உயரத்தைக் காட்டவேண்டும் என்பதைக் குறிக்கும் மதிப்பு ஆகும். விமானி இம்மதிப்பை உயரமானியின் முகப்பிலுள்ள குமிழைத் திருகி அமைக்கின்றார். இந்தியாவில் இது ஹெக்டோபாசுக்கல் அலகிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பாதரச அங்குல அலகிலும் வழங்கப்படுகின்றது. விமானியும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் வெவ்வேறு அமைவுகளைப் பயன்படுத்தினால், ஒரே வானூர்தியின் உயரம் இருவருக்கும் வெவ்வேறாகத் தோன்றும். இம்முரண்பாடு உண்மையான பறப்புகளில் இடையூறு விளைவிப்பதாகும். சிமுலேட்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் பறத்தல் பாவனை மென்பொருள்களைப் பயன்படுத்துவோரும் இதனை அடிக்கடி எதிர்கொள்கின்றனர்.

அடிப்படைத் தத்துவம்

அழுத்த உயரமானி உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. அது காற்றழுத்தத்தையே அளக்கின்றது. கருவியினுள் காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பேழை ஒன்று உள்ளது. வானூர்தி மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பேழை விரிகின்றது. இவ்விரிவு பற்சக்கரங்களின் வழியே முள்ளைச் சுழற்றுகின்றது. அதாவது, உயரமானி என்பது அடியில் அளவு குறிக்கப்பட்ட ஒரு காற்றழுத்தமானியே ஆகும்.

கடல்மட்டத்தை ஒட்டிய காற்றில் 1 ஹெக்டோபாசுக்கல் அழுத்த வேறுபாடு சுமார் 27 அடி உயர வேறுபாட்டிற்குச் சமமாகும். 1 அங்குலப் பாதரசம் ஏறத்தாழ 1,000 அடி எனக் கொள்வது விமானிகளின் வழக்கம். ஆனால் கடல்மட்ட அழுத்தம் எங்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே, சுழியம் எது என்பதைக் கருவிக்கு ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியுள்ளது. அவ்வாறு சொல்வதே அழுத்த அமைவு.

வரலாறு

காற்றுக்கு எடை உண்டு என்பதைப் பாதரசக் குழாயைக் கொண்டு தொரிசெல்லி 1643 இல் காட்டினார். பாசுக்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே 1648 இல் பிரான்சின் பியூய் தெ தோம் மலைமீது காற்றழுத்தமானியை எடுத்துச் சென்று, மேலே செல்லும்போது அழுத்தம் குறைவதை உறுதி செய்தார்.

செருமனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் கோல்சுமன் 1928 இல் நுட்பமான உயரமானியை உருவாக்கினார். அழுத்த அமைவைக் காட்டும் சிறு சாளரம் இன்றும் அவர் பெயரால் கோல்சுமன் சாளரம் என வழங்கப்படுகின்றது. 1929 செப்டெம்பர் 24 அன்று சிம்மி தூலிட்டில் வெளிப்புறத்தைப் பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் புறப்பட்டு, பறந்து, தரையிறங்கியபோது இக்கருவி பயன்படுத்தப்பட்டது.

அமைவின் வகைகள்

மோர்சு தந்திக் காலத்தில் தோன்றிய கியூ குறியீடுகள் இத்துறையில் இன்றும் நிலைத்துள்ளன.

* கியூ.என்.எச்: கடல்மட்டத்திற்குக் கணக்கிடப்பட்ட உள்ளூர் அழுத்தம். இதை அமைத்தால் உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும். தரையில் நிற்கும்போது அது வானூர்தி நிலையத்தின் உயரத்தைக் காட்டவேண்டும்.
* கியூ.எஃப்.இ: வானூர்தி நிலையத்தின் தரைமட்ட அழுத்தம். இதை அமைத்தால் ஓடுபாதையில் உயரமானி சுழியத்தைக் காட்டும்.
* சீரளவு அமைவு: உலகெங்கும் பொதுவான 1013.25 ஹெக்டோபாசுக்கல், அதாவது 29.92 அங்குலப் பாதரசம். இதை அமைத்துப் பெறும் உயரம் பறப்பு மட்டம் எனப்படும். எடுத்துக்காட்டாக, 15,000 அடி என்பது பறப்பு மட்டம் 150 ஆகும்.

சென்னை வானூர்தி நிலையத்தின் உயரம் 52 அடி மட்டுமே. ஆகவே அங்கு முதலிரு அமைவுகளுக்கும் இடையே சுமார் 2 ஹெக்டோபாசுக்கல் வேறுபாடே இருக்கும். 288 அடி உயரத்திலுள்ள திருச்சிராப்பள்ளியில் அது 10 ஐ ஒட்டியும், 1,324 அடி உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் 50 ஐ நெருங்கியும் அமையும்.

மாறுநிலை உயரம்

தாழ்வாகப் பறக்கும் வானூர்திக்கு மலைகளும் கோபுரங்களும் தடைகளாகும். எனவே அங்கு உள்ளூர் அழுத்தம் தேவை. மிக உயரே பறக்கும் வானூர்திக்குத் தரை ஒரு பொருட்டன்று. பிற வானூர்திகளிலிருந்து விலகியிருப்பதே முதன்மையானது. அங்கு அனைவரும் 1013.25 ஐ அமைக்கின்றனர். ஏறும்போது இம்மாற்றத்தைச் செய்யும் இடம் மாறுநிலை உயரம் என்றும், இறங்கும்போது மீண்டும் உள்ளூர் அழுத்தத்திற்குத் திரும்பும் இடம் மாறுநிலை மட்டம் என்றும் அழைக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் மாறுநிலை உயரம் நாடு முழுவதும் 18,000 அடி. இந்தியாவில் இது ஒவ்வொரு வானூர்தி நிலையத்திற்கும் தனித்தனியாக வகுக்கப்பட்டு, அந்நிலையத்தின் அணுகு வரைபடத்தில் குறிக்கப்படுகின்றது. பறத்தல் பாவனையில் எழும் குழப்பங்களில் ஒரு பகுதி இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றது.

கட்டுப்பாட்டாளர் காணும் உயரம்

வானூர்தியிலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி, தரையிலுள்ள துணைநிலை ரேடாருக்கு உயரத்தைத் தானாக அனுப்புகின்றது. இவ்வுயரம் எப்போதும் 1013.25 ஐ அடிப்படையாகக் கொண்டது. விமானி குமிழை எவ்வாறு திருகினாலும் அனுப்பப்படும் எண் மாறுவதில்லை. மாறுநிலை மட்டத்திற்குக் கீழே வரும் வானூர்திகளுக்கு, கட்டுப்பாட்டு நிலையத்தின் கணினி உள்ளூர் அழுத்தத்தைக் கொண்டு அவ்வெண்ணைத் திருத்திக் காட்டுகின்றது.

எடுத்துக்காட்டாக, உள்ளூர் அழுத்தம் 1005 எனக் கொள்வோம். விமானி மறந்து 1013 இலேயே விட்டுவிட்டு, தம் உயரமானியில் 5,000 அடியைப் பிடித்துப் பறக்கின்றார். டிரான்ஸ்பாண்டர் 5,000 என அனுப்பும். தரைக்கணினி 8 ஹெக்டோபாசுக்கலுக்கு உரிய 216 அடியைக் கழித்து, நூறடிக்கு முழுமையாக்கி, 4,800 எனக் காட்டும். இருவருடைய கருவிகளும் பழுதின்றி இயங்குகின்றன. இருவருடைய சுழியங்களே வேறாக உள்ளன.

பன்னாட்டு விதிகளின்படி, குரல்வழி அறிவிக்கப்பட்ட உயரத்திற்கும் திரையில் தோன்றும் உயரத்திற்கும் இடையே 300 அடி வரை வேறுபாடு ஏற்கப்படுகின்றது. செங்குத்து இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டுள்ள பறப்பு மட்டம் 290 முதல் 410 வரையான வான்வெளியில் இவ்வரம்பு 200 அடி. இந்தியாவில் இக்குறைந்த இடைவெளி முறை 2003 இல் நடைமுறைக்கு வந்தது.

கிளிஞ்சல்மேட்டுக் கரையோர எடுத்துக்காட்டு

கிளிஞ்சல்மேடு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள மீனவ ஊர் ஆகும். காவிரிக் கழிமுகத்தின் இக்கரையில் நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே உள்ளது. எனவே இங்கு கியூ.என்.எச் அமைவும் கியூ.எஃப்.இ அமைவும் ஏறக்குறைய ஒன்றே. உயரமானியின் நடத்தையைப் பாவனை மென்பொருளில் சோதித்து அறிய இத்தகைய கரை மிகவும் ஏற்றது. மிதவை வானூர்தி ஒன்றை இக்கரைக்கு எதிரே கடலில் இறக்கினால், சரியான அழுத்தம் அமைக்கப்பட்ட உயரமானி சுழியத்திலிருந்து சில அடிகளுக்குள் காட்டவேண்டும். அவ்வாறு காட்டாவிடின், அமைத்த அழுத்தம் அவ்விடத்தின் அழுத்தம் அன்று என்பது உறுதி.

காரைக்காலில் இயங்கும் வானூர்தி நிலையம் இல்லை. ஆகவே பாவனையாளர்கள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளியின் அழுத்தத்தை அமைத்துக்கொண்டு கிழக்கே பறக்கின்றனர். வழக்கமான நாளில் இதனால் பெரும் பிழை நேர்வதில்லை. கரையருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நிலைகொண்டிருக்கும்போது நிலைமை மாறுகின்றது. திருச்சிராப்பள்ளியில் 1010 ஐ அமைத்துப் புறப்பட்ட வானூர்தி, கரையில் அழுத்தம் 998 ஆக உள்ள நாளில் 2,000 அடியைக் காட்டியவாறு கிளிஞ்சல்மேட்டைக் கடந்தால், அது ஏறத்தாழ 1,680 அடியிலேயே பறக்கும். உயரழுத்தப் பகுதியிலிருந்து தாழ்வழுத்தப் பகுதிக்குச் செல்லும் வானூர்தி, கருவி காட்டுவதைவிடத் தாழ்வாகவே இருக்கும். விமானிப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் எச்சரிக்கைகளுள் இதுவும் ஒன்று.

இக்கரை புயல்களுக்குப் புதியதன்று. கசா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. வங்காள விரிகுடாவில் அழுத்தம் எவ்வளவு தாழக்கூடும் என்பதற்கு 1999 ஆம் ஆண்டின் ஒடிசாப் பெரும்புயல் சான்றாகும். அதன் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாசுக்கல் என மதிப்பிடப்பட்டது. சீரளவு அமைவிலிருந்து இதன் வேறுபாடு உயரமானியில் சுமார் 2,800 அடிக்குச் சமம்.

புயலற்ற நாள்களிலும் வெப்பமண்டலக் கரைகளில் அழுத்தம் கடல் அலைபோல் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்குகின்றது. காலை, இரவு பத்து மணியளவில் உச்சத்தையும், அதிகாலை, மாலை நான்கு மணியளவில் தாழ்நிலையையும் அடைகின்றது. இவ்வேறுபாடு சுமார் 3 முதல் 4 ஹெக்டோபாசுக்கல் வரை, அதாவது 100 அடியை ஒட்டியது. காலையில் குறித்து வைத்த அழுத்தத்தை மாலையில் பயன்படுத்தக்கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

பாவனைக் கட்டுப்பாட்டில் தோன்றும் முரண்பாடுகள்

பறத்தல் பாவனையில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு இரு வகைப்படும். முதலாவது, மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள்களிலேயே அடங்கியுள்ள கணினிக் குரல். இரண்டாவது, வாட்சிம், ஐவாவோ போன்ற இணையப் பிணையங்களில் தன்னார்வலர்கள் ஆற்றும் கட்டுப்பாடு. வாட்சிம் 2001 இல் தொடங்கப்பட்டது. இரண்டிலும் "உங்கள் உயரத்தைச் சரிபார்க்கவும்" என்னும் எச்சரிக்கை அடிக்கடி கேட்கும். கருவி பழுது என்றோ மென்பொருள் பிழை என்றோ முடிவு செய்வதற்கு முன்னர், வேறுபாடு எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை நோக்கினால் காரணம் பெரும்பாலும் வெளிப்படும்.

* எல்லா உயரங்களிலும் மாறாத வேறுபாடு: அழுத்த அமைவு தவறானது. வேறுபாட்டை 27 ஆல் வகுத்தால் எத்தனை ஹெக்டோபாசுக்கல் பிழை என்பது கிடைக்கும். வேறுபாடு ஏறத்தாழ 1,000 அடியாயின், 29.92 க்கு மாற்றாக 28.92 என ஓர் அங்குலம் மாற்றி அமைத்திருக்கக்கூடும்.
* குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் மட்டும் தோன்றும் வேறுபாடு: மாறுநிலை உயரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு. உள்ளடங்கிய கட்டுப்பாட்டுக் குரல், பல பதிப்புகளில் உலகெங்கும் அமெரிக்காவின் 18,000 அடியையே பின்பற்றியது. இந்திய வரைபடத்தின்படி முன்னரே 1013 க்கு மாறிய பாவனையாளர் அதனுடன் முரண்படுவார்.
* உயரத்துடன் சேர்ந்து வளரும் வேறுபாடு: வெப்பநிலையின் விளைவு. இது கீழே விளக்கப்பட்டுள்ளது.
* நேரம் செல்லச் செல்லவோ, திடீரெனத் தாவியோ மாறும் வேறுபாடு: வானிலைத் தரவுகள் ஒத்துப்போகவில்லை. பிணையக் கட்டுப்பாட்டாளர் நிலையம் வெளியிட்ட அறிக்கையைப் பயன்படுத்துவார். மென்பொருளோ தன் வானிலை மாதிரியிலிருந்து இடைமதிப்பைக் கணிக்கும்.
* வானூர்தி நிலையத்தின் உயரத்திற்குச் சமமான வேறுபாடு: கியூ.எஃப்.இ அமைவோ, தரையிலிருந்து கணக்கிடப்பட்ட உயரமோ பயன்படுத்தப்படுகின்றது.
* ஏறத்தாழ 3.28 மடங்கு வேறுபாடு: மீட்டரும் அடியும் கலந்துள்ளன.
* கையால் ஓட்டும்போது மறைந்து, ஆட்டோபைலட் இயங்கும்போது மட்டும் தோன்றும் வேறுபாடு: ஆட்டோபைலட்டுக்குத் தனி அழுத்த அமைவு இருக்கக்கூடும். சிறிய செசுனா வானூர்திகளில் காணப்படும் கே.ஏ.பி. 140 கருவி இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. உயரமானியில் அழுத்தத்தை மாற்றியபின் அக்கருவியிலும் தனியே மாற்றவேண்டும்.

பெரிய வானூர்திகளில் தலைமை விமானி, துணை விமானி, மாற்று உயரமானி என மூன்று அமைவுகள் உள்ளன. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் பி விசையை அழுத்தினால் உள்ளூர் அழுத்தம் தானாக அமையும். ஆயினும், தனியே விற்கப்படும் சில வானூர்தி மாதிரிகளில் இது எல்லா உயரமானிகளையும் மாற்றுவதில்லை. ஆகவே விசையை அழுத்தியபின் ஒவ்வொரு சாளரத்திலும் எண்ணைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வெப்பநிலையின் விளைவு

உயரமானியின் அளவுகள் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியசு உள்ள சீரளவு வளிமண்டலத்திற்காக வரையப்பட்டவை. வெப்பக் காற்று விரிந்திருப்பதால், அதே அழுத்த வேறுபாட்டைக் கடக்க வானூர்தி கூடுதலாக ஏறவேண்டியுள்ளது. சீரளவைவிட 10 பாகை கூடுதலாயின் உண்மையான உயரம் சுமார் 4 விழுக்காடு கூடும். காரைக்கால் கரையில் 30 பாகை வெப்பம் வியப்பானதன்று. மேலேயும் இதே அளவு வெப்ப மிகுதி நீடிக்கும் நாளில், 10,000 அடியைக் காட்டும் வானூர்தி உண்மையில் 10,500 அடிக்கும் மேலே இருக்கும்.

உண்மை வான்வெளியில் இது இடர் அன்று. அருகருகே பறக்கும் அனைத்து வானூர்திகளுக்கும் ஒரே பிழை நேர்வதால் அவற்றின் இடைவெளி காக்கப்படுகின்றது. குளிர்நாடுகளில் மட்டும், வானூர்தி காட்டுவதைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால், மலைகளுக்கு அருகே திருத்தம் செய்யப்படுகின்றது.

பாவனையில் நிலைமை வேறு. பழைய மென்பொருள்கள் உயரமானியில் வெப்பநிலையின் விளைவைக் கணக்கில் கொள்ளவில்லை. 2020 ஆகத்து மாதத்தில் வெளியான மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் அவ்விளைவையும் சேர்த்துக்கொண்டது. உண்மையான உயரத்தைப் பெற்று, அதில் அழுத்தத் திருத்தத்தை மட்டும் செய்து பிணையத்திற்கு அனுப்பும் முறை அதனுடன் பொருந்தவில்லை. இதனால், சரியாகப் பறந்த வானூர்தியும் மிக உயரே ஆயிரம் அடிக்கு மேல் விலகியிருப்பதாகக் கட்டுப்பாட்டாளரின் திரையில் தோன்றக்கூடும். இங்கு விமானியின் அமைவில் பிழை இல்லை. பிணைய இணைப்பு மென்பொருளைப் புதுப்பித்து, அழுத்த உயரத்தையே அனுப்பச் செய்வதுதான் தீர்வு.

செய்மதி வழி உயரத்துடன் ஒப்பிடுவதும் குழப்பத்தை விளைவிக்கும். சி.பி.எசு. கருவிகள் அடிப்படையில் புவியின் கணித வடிவமான நீள்வட்டத் திண்மத்திலிருந்து உயரத்தைக் கணிக்கின்றன. இந்தியப் பெருங்கடல் பகுதியில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால், தமிழகக் கரையில் கடல்மட்டம் அவ்வடிவத்திற்குப் பல பத்து மீட்டர் கீழே உள்ளது. திருத்தம் செய்யப்படாத செய்மதி உயரம் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் சுழியத்திற்கு வெகு கீழான எதிர்ம எண்ணாகவே அமையும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

சர்கி தாத்ரி, 1996

1996 நவம்பர் 12 அன்று அரியானா மாநிலத்தின் சர்கி தாத்ரிக்கு மேலே, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 வானூர்தியும், தில்லிக்கு வந்துகொண்டிருந்த கசக்சுதான் இலியூசின் 76 வானூர்தியும் மோதிக்கொண்டன. இரு வானூர்திகளிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர். வானில் நிகழ்ந்த மோதல்களுள் மிகப் பெரிய உயிரிழப்பு இதுவேயாகும். கசக்சுதான் வானூர்திக்குப் பறப்பு மட்டம் 150 உம், சவூதி வானூர்திக்கு 140 உம் ஒதுக்கப்பட்டிருந்தன.

இது அழுத்த அமைவுப் பிழையால் நேர்ந்தது அன்று. நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, கசக்சுதான் வானூர்தி தனக்கு ஒதுக்கப்பட்ட மட்டத்திற்குக் கீழே இறங்கியதே காரணம் எனக் கண்டது. எனினும் இக்கட்டுரைக்கு இது தொடர்புடையது. அன்று தில்லிக் கட்டுப்பாட்டாளரிடம் துணைநிலை ரேடார் இல்லை. வானூர்திகளின் உயரத்தை விமானிகள் வானொலியில் சொல்வதைக் கொண்டே அறிய முடிந்தது. சொல்லப்பட்ட உயரத்தையும் இருந்த உயரத்தையும் ஒப்பிட வழியில்லை. இதன்பின் துணைநிலை ரேடார், வருகைக்கும் புறப்பாட்டிற்கும் தனித்தனி வழிகள், மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்குதல் ஆகியவை நடைமுறைப்படுத்தப்பட்டன.

பாரிசு, 2022

2022 மே 23 அன்று பாரிசு சார்லசு டி கால் நிலையத்தை மழையில் அணுகிய ஏர்பசு ஏ320 வானூர்திக்கு, 1001 க்கு மாற்றாக 1011 என்னும் அழுத்தம் கட்டுப்பாட்டாளரால் வழங்கப்பட்டது. விமானிகள் அதை அவ்வாறே திருப்பிச் சொல்லி அமைத்தனர். வானூர்தி சுமார் 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதையைக் காணாத விமானிகள் மீண்டும் மேலேறினர். அப்போது ஓடுபாதைக்கு முன்பே, தரையிலிருந்து 6 அடி வரை வானூர்தி தாழ்ந்திருந்தது என்பதை வானலை உயரமானிப் பதிவு காட்டியது. ஓர் இலக்கத்தின் மாற்றம் இதற்குப் போதுமானதாக இருந்தது. திருப்பிச் சொல்லும் வழக்கம், கேட்ட எண் தவறு எனில் அதைப் பிடிப்பதில்லை என்பதையும் இந்நிகழ்வு உணர்த்தியது. நிலையத்தின் தானியங்கி வானிலை அறிவிப்புடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே இத்தகைய பிழையைப் பிடிக்கும் எளிய வழி.

சரிபார்க்கும் ஒழுங்கு

உண்மைப் பறப்பிலும் பாவனையிலும் பின்வரும் ஒழுங்கு பயனளிக்கும்.

1. புறப்படுமுன் உள்ளூர் அழுத்தத்தை அமைத்து, உயரமானி நிலையத்தின் உயரத்தைக் காட்டுகின்றதா எனப் பார்த்தல்.
2. அலகைச் சரிபார்த்தல். "992" என்பது 992 ஹெக்டோபாசுக்கலா, 29.92 அங்குலமா என்பது ஐயத்திற்கு இடமளிக்கும். இவ்விரண்டின் வேறுபாடு சுமார் 570 அடி.
3. அனைத்து உயரமானிகளிலும் ஆட்டோபைலட்டிலும் ஒரே எண் உள்ளதை உறுதி செய்தல்.
4. மாறுநிலை உயரத்தை வரைபடத்திலிருந்து முன்னரே குறித்துக்கொள்ளுதல்.
5. முரண்பாடு எழுந்தால், முதலில் கட்டுப்பாட்டாளர் பயன்படுத்தும் அழுத்தத்தைக் கேட்டறிதல். உயரத்தை மாற்றுவது அதன்பின்னரே.

ஐந்தாவது படி பாவனையில் பெரும்பாலும் தலைகீழாக நிகழ்கின்றது. எச்சரிக்கை கேட்டவுடன் பாவனையாளர் உயரத்தை மாற்றுகின்றார். அதனால் திரையிலுள்ள எண் சரியாகலாம். சுழியம் தவறாகவே நீடிக்கும். அடுத்த வானூர்தி நிலையத்தை அணுகும்போது, அதே பிழை ஓடுபாதைக்கு அருகே மீண்டும் தோன்றும்.

இவற்றையும் பார்க்கவும்

* காற்றழுத்தமானி
* வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு
* சீரளவு வளிமண்டலம்
* சர்கி தாத்ரி வான் மோதல்
* காரைக்கால் மாவட்டம்